யவனர் குப்பியும் எயிற்பட்டினத்துத் தேறலும்: என் பழைய பதிவுக்கு ஒரு மறுப்பு

2019இல் "அரிக்கமேட்டு ஒயின்" என்று ஒரு பதிவு எழுதினேன். நிறைய பேர் பகிர்ந்தார்கள். இப்போது படித்தால் கூச்சமாக இருக்கிறது. தகவல் பிழை கொஞ்சம், பார்வைப் பிழை நிறைய. வேறு யாராவது எழுதியிருந்தால் கடுமையாக விமர்சித்திருப்பேன். எழுதியது நானே என்பதால் சலுகை எதுவும் தரப்போவதில்லை.

இந்த மறுவாசிப்பைத் தொடங்கி வைத்தது ஒரு பாட்டில். திண்டிவனத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது என் மனைவியின் பெரியப்பா ஒரு சிவப்பு ஒயின் கொடுத்தார். அவர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "உடனே தொறக்காதீங்க மாப்ள. படுக்க வெச்சு வைங்க. வருஷம் ஆக ஆகத்தான் ருசி" என்றார். நானும் பயபக்தியோடு ஒரு துணியில் சுற்றிப் பரணில் படுக்க வைத்தேன். ஏழு வருஷம் கழித்து எடுத்தால் கார்க் கால் அங்குலம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு. ஊற்றிப் பார்த்தால் செங்கல் நிறம். வேகவைத்த திராட்சையும் காடியும் கலந்த நாற்றம்.

பெரியப்பாவுக்கு போன் போட்டேன். "எங்க வெச்சீங்க?" என்றார். "பரண்ல." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அங்க வத்தல்தான் காய வைக்கலாம் மாப்ள."

பன்னிரண்டு டிகிரி யாருடைய கணக்கு?

ஒயினை வீட்டில் வைப்பது பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரே பாடம்தான்: 12, 13 டிகிரி செல்சியஸ், இருட்டு, அசைவில்லாமை, கொஞ்சம் ஈரப்பதம். கார்க் காயாமல் இருக்கப் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும். ஏதோ இயற்கை விதி மாதிரி சொல்லுவார்கள். ஆனால் அந்த எண் ஒரு ஊரின் எண். தரைக்குக் கீழே சில மீட்டர் இறங்கினால் மண்ணின் வெப்பம் பகல், இரவு, கோடை, குளிர் எதையும் கண்டுகொள்ளாது. அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்கும். வட பிரான்சில் அந்தச் சராசரி 11 டிகிரி பக்கம். ஷாம்பெயின் பகுதியில் குழி வெட்டினால் பாதாள அறை தானாகவே அந்தக் குளிரில் இருக்கும். அங்கே வேலை செய்த பழக்கம் உலகத்துக்கே விதியாகிவிட்டது.

நம்ம விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ஆண்டுச் சராசரி 28 டிகிரியைச் சுற்றி. இங்கே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் 12 கிடைக்காது. கிடைப்பது நிலையான 28 தான். வேதிவினைகள் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கைக்கணக்கு. அந்தக் கணக்கில் அங்கே பத்து வருஷத்தில் மெதுவாக நடப்பது இங்கே மூன்று, நான்கு வருஷத்தில் முடிந்துவிடும். அதுவும் ஒரே விகிதத்தில் இல்லை, சில வினைகள் முந்திக்கொள்ளும், அதனால்தான் ருசி கெடுகிறது. பரண் இதைவிட மோசம். மேலே கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து ராத்திரி முழுக்கக் கக்கும். சூட்டில் திரவம் விரிந்து கார்க்கைத் தள்ளும், விடியற்காலை சுருங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். ஏழு வருஷம் என் பாட்டில் தினம் ஒரு தடவை மூச்சு விட்டிருக்கிறது.

சரி, இந்தச் சூட்டில் அந்தக் காலத்தில் எப்படி வைத்தார்கள் என்ற கேள்வியோடுதான் என் பழைய பதிவைத் திறந்தேன். அதில் இந்தக் கேள்வியே இல்லை.

நான் செய்த தவறுகள்

பதிவின் சாரம் இதுதான்: புறநானூறு 56ஆம் பாட்டில் நக்கீரர், இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை யவனர் தந்த தேறலைப் பொற்கலத்தில் தினமும் அருந்தச் சொல்கிறார். அரிக்கமேட்டில் ரோமானியச் சாடிகள் கிடைத்தன. ஆகவே நம் முன்னோர் இத்தாலி ஒயின் குடித்தார்கள். முடிந்தது. இந்த மாதிரிக் கட்டுரைகள் தமிழில் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன, எல்லாம் ஒரே அச்சு.

முதல் தவறு, இரண்டு ஊரை ஒட்டியது. பாட்டு பாண்டியனுடையது. அரிக்கமேடு புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு, முசிறிக்கும் பாண்டியன் ஆட்சியில் இருந்த நெல்கிண்டாவுக்கும் போகும் சரக்குகளில் ஒயினைச் சொல்கிறது. அதுவும் அதிகமில்லை, அளவோடுதான் என்று சேர்த்தே சொல்கிறது. பாண்டியன் கோப்பைக்கு மேற்குக் கரை வழி இருக்கும்போது அரிக்கமேட்டை நடுவில் இழுக்க எனக்கு இருந்த ஒரே காரணம், அது என் ஊருக்குப் பக்கம் என்பதுதான்.

இரண்டாவது, சாடி. 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார், பிறகு கஸால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு. அந்தச் சாடி ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், அவற்றில் பெரும்பங்கு கிரேக்கத்தின் கோஸ் தீவு வகைச் சாடிகள் என்று கண்டார். எல்லாமே ஒயினும் இல்லை. ஆலிவ் எண்ணெயும் மீன் ரசமும் வந்த சாடிகளும் உண்டு. அதற்கும் பிறகு ராபர்ட்டா டாம்பர், இந்தியாவில் ரோமானியச் சாடி என்று பெயர் எழுதி வைத்திருந்த ஓடுகளில் பல உண்மையில் மெசபடோமியாப் பக்கத்து "டார்பிடோ" சாடிகள், உள்ளே நிலக்கீல் பூசியவை என்று காட்டினார். நான் பதிவு போட்டபோது இது வெளிவந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை.

மூன்றாவது, "நன்கலம்". கலம் என்றால் பாத்திரமும் உண்டு, மரக்கலமும் உண்டு. நான் கப்பல் என்று எழுதினேன். ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றிலும் கப்பல்தான். ஆனால் புறநானூற்றின் பழைய உரைகாரர் "குப்பி" என்று எடுத்துக்கொள்கிறார். இப்போது எனக்கு அவர் பக்கம்தான் சரியாகப் படுகிறது. பாட்டில் அடுத்தபடியாக வரும் கலம் பொன்னால் செய்த கோப்பை. அங்கே பாத்திரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நல்ல குப்பியில் வந்ததைப் பொன் கோப்பையில் ஊற்று என்றால் இரண்டு கலமும் ஒன்றையொன்று பார்க்கின்றன. கப்பல் என்று எடுத்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகிறது.

குப்பி என்று எடுத்துக்கொண்டால் ஒரு பொறியாளருக்குச் சுவாரசியமான விஷயமும் கிடைக்கிறது. எகிப்துக் கரையிலிருந்து இந்தியா வரும் கப்பல்கள் ஜூலையில் புறப்படும் என்கிறது பெரிப்ளூஸ். செங்கடலின் உச்ச வெயிலில், சுமார் 25 லிட்டர் பிடிக்கும் மண்சாடிக்குள் ஒயின். அது பிழைத்து வரவேண்டுமென்றால் இரண்டு பாதுகாப்பு வேண்டும். ஒன்று, சாடியின் உட்புறம் பூசிய மரப்பிசின். இன்னொன்று உப்பு. கோஸ் தீவு ஒயினில் கடல்நீர் சேர்ப்பார்கள், ரோமானிய எழுத்தாளர் கேட்டோ அதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். நம் மண்பானை தண்ணீர் கசிந்து ஆவியாவதால் குளிரும். பிசின் பூசிய சாடி கசியாது, அதனால் குளிராது. எனவே நக்கீரர் சொல்லும் குளிர்ச்சி சாடிக்குள்ளிருந்து வந்திருக்க வழியில்லை. அரண்மனையில் ஊற்றிய பிறகு வந்திருக்கலாம், இல்லை அது வெறும் பாராட்டுச் சொல்லாக இருக்கலாம். வாசனை மட்டும் நிஜமாக இருக்கலாம், அதில் பாதி பிசின் வாசனை.

இதெல்லாம் தகவல் பிழை. திருத்திக்கொள்ளலாம். பெரிய பிழை வேறு.

வீட்டில் வைத்தவர்கள்

சங்கப் பாட்டில் மதுவை "வைத்திருந்து" குடிக்கும் இடங்களைத் தேடிக் குறிப்பெடுத்தேன். யவனர் பாட்டு அதில் சேரவே இல்லை. அங்கே மது வருகிறது, ஊற்றப்படுகிறது, அவ்வளவுதான். எங்கே வைத்தார்கள், எவ்வளவு நாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. சேமிப்பு பற்றிப் பேசும் பாட்டுகள் மலையிலும் கடற்கரையிலும் இருக்கின்றன.

புறநானூறு 120, கபிலர் பாட்டு. பாரி போன பிறகு பறம்பு நாட்டை நினைத்துப் புலம்புகிறார். அதில் மண்ணில் புதைத்து முதிரவைத்த மதுவைப் புல் வேய்ந்த குடிசைகளில் வீடுதோறும் கொடுக்கிறார்கள். கவனியுங்கள், குடிசை. வீட்டுக்கு வீடு. ஒயின் பாதாள அறை என்றதும் நமக்குக் கோட்டையும் பிரபுவும் ஞாபகம் வருகிறார்கள். கபிலர் கண்ணில் தினை விதைக்கிற குடும்பத்தின் தரையே அந்த அறை.

மலைபடுகடாம் செங்கத்து நன்னனைப் பாடியது. அதில் தேனால் செய்த தேறலை மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைக்கிறார்கள். திருமுருகாற்றுப்படையிலும் மூங்கிலில் விளைந்த தேன்தேறல் உண்டு. காஞ்சிப் பக்கத்துப் பெரும்பாணாற்றுப்படையில் முழுச் செய்முறையே இருக்கிறது. குற்றாத அரிசியைக் கூழாக்கி, வாயகன்ற தட்டில் ஆறவைத்து, புற்றாஞ்சோறு மாதிரி இருக்கும் அடையைக் கலந்து (நெல்முளை மாவு என்பது உரை), இரண்டு பகல் இரண்டு இரவு கழித்து, கெட்டியான வாயுள்ள சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். பொருள், பாத்திரம், நேரம், முடிக்கும் விதம் எல்லாம் வரிசையாக வருகின்றன. நான் அலுவலகத்தில் எழுதும் ஆவணங்கள் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

இங்கேதான் 28 டிகிரிக் கணக்கு உதவுகிறது. பிரெஞ்சுக்காரர் புதைப்பது மாற்றத்தை மெதுவாக்க. நம்மவர் புதைத்தது மாற்றத்தைச் சீராக நடத்த. நொதிக்கும் பொருளுக்கு நிலையான இளஞ்சூடு வேண்டும், நம் மண் அதைச் சும்மாவே கொடுக்கிறது. சித்த மருத்துவத்தில் மருந்தை நெல் குவியலுக்குள் புதைத்து வைக்கும் தானியப் புடமும் இதே புத்திதான். ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த பெரிய சாடிகளில் இன்றும் ஒயின் செய்கிறார்கள், யுனெஸ்கோ 2013இல் அந்த முறையைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பறம்பு மலையின் குடிசைக்கு எந்தப் பட்டியலும் இல்லை, என் பதிவில்கூட இடமில்லை.

எங்கள் ஊர்ப் பாட்டு

இன்னும் வெட்கமான விஷயம், எங்கள் ஊருக்கே ஒரு பாட்டு இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பற்றியது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவனுடைய கிடங்கில் என்ற ஊர்தான் திண்டிவனத்தை ஒட்டிய இன்றைய கிடங்கல். பாணன் வழியில் முதலில் தொடும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று பலர் கொள்கிறார்கள். பெரிப்ளூஸ் சொல்லும் சோபட்மா துறைமுகமும் இதுவே என்பார்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணத்துக்கு டவுன் பஸ்ஸில் போகிற தூரம். நான் சின்ன வயதில் உப்பளம் பார்க்கப் போனது அங்கேதான்.

அந்தப் பட்டினத்தில் பாணனுக்குக் கிடைப்பது இது: அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரங்கள் ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோலக் கிடக்கின்றன. அதை விறகாக்கித் தீ மூட்டுகிறார்கள். மீனவப் பெண் ஒருத்தி அரித்த பழைய தேறலைப் பரதவர் ஊற்றிக் கொடுக்கிறார்கள், கூடவே சுட்ட குழல்மீன். தீ இருக்கிறதே என்று உடனே சாராயம் காய்ச்சினாள் என்று தாவ வேண்டாம். பாட்டு சொல்லும் வேலை அரித்தல். வடிகட்டித் தெளியவைப்பது. தேறல் என்ற சொல்லே தெளிந்தது என்ற பொருளில் வருவதுதான், உரைகாரர் "கள் தெளிவு" என்றே எழுதுகிறார்கள்.

என்னை நிறுத்தியது "பழம்படு" என்ற அடைமொழி. இறக்கிய கள் அடுத்த நாளே புளித்துவிடும், அதைப் பழையதாக்க முடியாது. பழைய தேறல் வேண்டுமென்றால் வேறு சரக்கு வேண்டும், நல்ல பாத்திரம் வேண்டும், தெளியவைக்கிற கை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, இன்றைக்கே குடித்துத் தீர்க்காமல் எடுத்து வைக்கிற நிலைமை வேண்டும். நத்தத்தனார் அதை மீனவக் குடியிருப்பில் வைக்கிறார். கடைசியில் அரசனும் தேறல் கொடுக்கிறான், அதற்கு அவர் சொல்லும் உவமை சீறிய பாம்பு. அரசன் வீட்டில் வேகம், மீனவர் வீட்டில் பழமை. பாட்டு விருந்தைக் கொஞ்சம் அழகுபடுத்தியிருக்கும், ஆற்றுப்படையின் வேலையே அது. ஆனால் நல்ல பழைய மதுவை எந்த வீட்டில் காட்டினால் கேட்பவர் நம்புவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் இல்லையா? அவர் காட்டியது நுளையர் வீட்டை.

இந்தப் பாட்டை நான் கல்லூரியிலேயே படித்திருக்கிறேன். பதிவு எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. ஏன் என்று யோசித்தால் பதில் நன்றாக இல்லை. ஒயின் என்றால் கௌரவம், சாராயம் என்றால் அசிங்கம் என்று எனக்குள் ஒரு வடிகட்டி இருந்திருக்கிறது. யவனர், ரோம், பொற்கிண்ணம் எல்லாம் அதில் தாண்டி வந்தன. மரக்காணத்துப் பெண் வரவில்லை. சட்டமும் ஏறக்குறைய இந்த வடிகட்டிதான்: தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. பிரெஞ்சு ஒயினை அனுமதித்த அளவுக்குள் வீட்டில் படுக்க வைத்து அழகு பார்க்கலாம்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மீனவக் கிராமம். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல். கபிலர் உயிர்விட்டதாகச் சொல்லும் திருக்கோவிலூர் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மெத்தனால் ஒரு தொழிற்சாலைச் சரக்கு. அதில் விளைவதும் இல்லை, தெளிவதும் இல்லை. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் எடுக்கும். வாங்குகிறவர்கள் அன்றைய கூலியில், அன்றைக்கு, மலிவாகக் கிடைப்பதை வாங்குகிறார்கள்.

பாட்டையும் சாவையும் ஒரே கோட்டில் இணைத்து "அந்தக் காலம் பொற்காலம்" என்று சொல்ல நான் வரவில்லை. சங்க காலத்தில் குடியால் யாரும் கெடவில்லை என்று யாரும் நிரூபிக்க முடியாது. கள்ளைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பதும் என் வாதம் இல்லை, அது வேறு பெரிய விவாதம். நான் சொல்ல வருவது சின்ன விஷயம். மதுவைப் பற்றிய நம் பெருமைக் கட்டுரைகள் யாரைப் பார்க்கின்றன, யாரைத் தாண்டிப் போகின்றன என்று கேட்க வேண்டும். எக்கியார்குப்பத்துச் செய்தி வந்த வாரத்தில் என் "அரிக்கமேட்டு ஒயின்" பதிவை யாரோ மறுபடி பகிர்ந்திருந்தார்கள், "தமிழன் ரசனை" என்ற குறிப்போடு. நான் அதற்கு ஒரு விருப்பக்குறியும் போட்டிருக்கிறேன். அந்தக் கடற்கரைக்கே ஒரு பாட்டு இருப்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பழைய பதிவை அழிக்கப் போவதில்லை. மேலே இந்தப் பதிவின் சுட்டியைப் போட்டுவிடுகிறேன், பிழையோடு சேர்த்துப் படிக்கட்டும்.

வீட்டில் ஒயின் வைப்பது பற்றி எதையோ தேடி இங்கே வந்தவர்களுக்கு: விழுப்புரம் மாவட்ட வீட்டில் வருஷக்கணக்கில் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். குளிர்பதனப் பெட்டி வாங்கலாம், ஆனால் கோடையில் கரண்ட் போகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். யாராவது பாட்டில் கொடுத்தால், குடிக்கிறவராக இருந்தால், சில மாதங்களுக்குள் திறந்துவிடுங்கள். அதுவரை தரைத்தளத்தில், வெயில் படாத உள்சுவரை ஒட்டி, தரையோடு வையுங்கள். பரண் வேண்டாம்.

பெரியப்பா போன பொங்கலுக்கு இன்னொரு பாட்டில் கொண்டுவந்தார். அன்றைக்கே திறந்தோம். மரக்காணத்திலிருந்து வாங்கி வந்த மீனை மனைவி சுட்டுக் கொடுத்தாள். "இப்பதான் மாப்ள ஒழுங்கா வெச்சிருக்கீங்க" என்றார்.